ஒரு சுவிட்ச் மறந்தால் கேபினில் காற்றழுத்தம் போய்விடுமா?

கேள்வி: வேலை விஷயமாக அடிக்கடி விமானத்தில் போகிறேன். 2018-ல் மும்பை–ஜெய்ப்பூர் விமானத்தில் பயணிகளுக்குக் காதிலும் மூக்கிலும் ரத்தம் வந்தது. விமானிகள் ஒரு சுவிட்சைப் போட மறந்ததுதான் காரணம் என்றார்கள். அதெப்படி மறக்க முடியும்? நான் போகும் விமானத்தில் அப்படி ஆனால் என்ன செய்வது? (வாசகர், திருச்சி)

பதில்: மறக்க முடியும். நீங்கள் சொல்வது ஜெட் ஏர்வேஸின் போயிங் 737. 166 பயணிகளில் சுமார் 30 பேர் பாதிக்கப்பட்டார்கள்; விமானம் மும்பைக்கே திரும்பியது.

737-ல் நாம் சுவாசிக்கும் காற்று எஞ்சினிலிருந்து வருகிறது. அதை பிளீட் ஏர் என்போம். குளிரவைத்து உள்ளே அனுப்பி, வால்பக்கத்து வால்வு வழியாக அளவாக வெளியே விடுவார்கள். அதனால்தான் விமானம் 35,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடிக்குரியதாக இருக்கிறது. ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கான சுவிட்சுகள் விமானிகளின் தலைக்கு மேலுள்ள பேனலில் இருக்கின்றன. வெயில் கொளுத்தும்போது, ஓடுபாதை குட்டையாக இருக்கும்போது, எஞ்சினின் முழு பலமும் தேவை என்று பிளீடை அணைத்துவிட்டுக் கிளம்புவது அனுமதிக்கப்பட்ட முறைதான். ஏறியபின் மறுபடி போட வேண்டும். தரையில் பராமரிப்பு வேலைக்காக மாற்றிய சுவிட்சும் அப்படியே தங்கிவிடலாம்.

2005 ஆகஸ்ட் 14-ல் சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் ஏர்வேஸ் நிறுவனத்தின் 737 விமானத்தில் நடந்தது இதுதான். பின்கதவில் கசிவு இருக்கிறதா என்று சோதித்தபோது அழுத்தக் கட்டுப்பாட்டைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றினார்கள், திருப்பி வைக்கவில்லை. கிளம்புவதற்கு முன்பும் பின்பும் சரிபார்க்கும் கட்டங்களில் விமானிகளும் கவனிக்கவில்லை. ஏறும்போது, கேபினில் அழுத்தம் குறைகிறது என்று எச்சரிக்கும் ஹாரன் அலறியது. தரையில் 'புறப்பட இன்னும் தயாரில்லை' என்று எச்சரிப்பதற்கும் அதே ஹாரன்தான். அவர்கள் அந்தப் பழக்கத்தில் அர்த்தம் செய்துகொண்டு, தொடர்ந்து மேலே ஏறினார்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்றே தோன்றும். இதன் கொடூரமே அதுதான். விமானிகள் மயங்கிவிட, ஆட்டோபைலட்டில் தானாகப் பறந்த விமானம் எரிபொருள் தீர்ந்து ஏதென்ஸ் அருகே விழுந்தது. 121 பேரும் இறந்தார்கள். சுவிட்சை மறந்ததைவிட ஹாரனைத் தவறாகப் புரிந்துகொண்டதுதான் உயிரைக் குடித்தது என்பேன். பிறகு 737-களில் இந்த இரண்டு எச்சரிக்கைகளுக்கும் தனித்தனி விளக்குகள் வந்தன.

இனி உங்கள் பங்கு. இத்தகைய கோளாறில் வெடிச்சத்தமோ பனிமூட்டமோ இருக்காது. காது அடைத்துக்கொண்டே போகும், திடீரென்று மாஸ்க் தொங்கும், அவ்வளவுதான். கேபினின் அழுத்தம் 14,000 அடி அளவுக்கு இறங்கும்போது மாஸ்க் தானாக விழும். உடனே இழுத்து மூக்கும் வாயும் மூடும்படி மாட்டுங்கள். இழுத்தால்தான் ஆக்சிஜன் வரத் தொடங்கும். பை உப்பவில்லை என்று பதறாதீர்கள், காற்று வந்துகொண்டுதான் இருக்கும். லேசாகக் கருகல் வாசனை வந்தாலும் தீ என்று நினைக்க வேண்டாம். மேலே இருக்கும் ரசாயன ஜெனரேட்டர் சூடாவதால் வருவது அது. பக்கத்தில் குழந்தை இருந்தாலும் முதலில் உங்களுக்கு. 35,000 அடியில் அழுத்தம் முழுக்கப் போனால் தெளிவாக யோசிக்க அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான் கிடைக்கும்.

737-ல் அந்த ஆக்சிஜன் சுமார் 12 நிமிடம் வரும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். வேகமாக இறங்குவதைப் பார்த்து விழுகிறோம் என்று பயப்பட வேண்டாம். மாஸ்க் விழுந்தும் விமானம் ஏறிக்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்; கேபின் பணியாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.

இறங்கும்போது அடிக்கடி எச்சில் விழுங்குங்கள். போதாவிட்டால் மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதிப் பார்க்கலாம். கடும் சளியோடு பறப்பதைத் தவிர்ப்பது நல்லது. காதில் ரத்தம் வந்தாலோ கேட்கும் திறன் குறைந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிய பிறகே அடுத்த டிக்கெட் போடுங்கள்.