அரிவாள் அணு நோயும் ‘நார்மல்’ ரத்த அழுத்தமும்

கேள்வி: என் மகளுக்கு வயது 26. சிறு வயதிலேயே அரிவாள் அணு ரத்தசோகை என்று கண்டறியப்பட்டு, அணுக்கள் வளைவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். கல்லூரி நாட்களில் 104/62 என்று இருந்த ரத்த அழுத்தம், அண்மையில் மூன்று முறை பார்த்தபோதும் 132/84 அளவிலேயே இருந்தது. கிளினிக்கில் ‘நார்மல்தான், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினும் ரத்தத்தில் 0.6 என்பதால் சிறுநீரகத்துக்கும் குறையில்லை’ என்றார்கள். ஆனால் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறாள். உப்பையும் இரவில் குடிக்கும் தண்ணீரையும் குறைத்துவிடலாமா?
— ஒரு தந்தை, சத்தியமங்கலம்

பதில்: தண்ணீரைக் குறைக்க வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தின் உட்பகுதியில் பிராணவாயு குறைவு, உப்புச் செறிவும் அமிலத்தன்மையும் அதிகம். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைவதற்கு இதைவிடத் தோதான இடம் உடலில் இல்லை. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் சிறு வயதிலிருந்தே அடைபட்டுச் சிதைவதால், சிறுநீரைச் செறிவாக்கி நீரைச் சேமிக்கும் திறனைச் சிறுநீரகம் இழந்துவிடுகிறது. உங்கள் மகள் இரவில் அடிக்கடி எழுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்; சர்க்கரை நோயோ சிறுநீர்த் தொற்றோ இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் குடிப்பதைக் குறைத்தாலும் சிறுநீரகம் வெளியேற்றுவதைப் பெரிதாகக் குறைக்காது. சித்திரை வெயிலில் உடல் வறண்டு, அணுக்கள் மேலும் வளைந்து, வலிதான் வரும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைப்பதில் தவறில்லை.

இனி ரத்த அழுத்தம். இந்நோயாளிகளுக்கு அதே வயதுடைய மற்றவர்களைவிட ரத்த அழுத்தம் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். ஆகவே மேல் எண் 120 முதல் 139 வரை, அல்லது கீழ் எண் 70 முதல் 89 வரை இருப்பதையே இவர்களுக்கு ‘ஒப்பளவில் உயர்ந்த அழுத்தம்’ என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் உயர்வதும் சிறுநீரகம் பழுதாவதும் இத்தகையவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. இந்நோயுள்ள பெரியவர்களுக்கு 130/80-க்கு மேல் போகாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரை. உங்கள் மகளைப் பொறுத்தவரை, 104-இலிருந்து 132-க்கு ஏறியிருக்கிறது என்பதுதான் செய்தி. பழைய சீட்டுகளைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிரியாட்டினின் 0.6 என்பதை வைத்தும் நிம்மதி அடைய முடியாது. இந்நோயில் சிறுநீரகம் இளம் வயதில் தேவைக்கு மேல் வடிகட்டுகிறது, கிரியாட்டினினையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. தசையும் குறைவு என்பதால், பழுது தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்த எண் அழகாகவே இருக்கும். முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம்தான். பத்து வயதிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை. காலையில் கழிக்கும் முதல் சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்குதல், கால் வீக்கம் இருந்தால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனும் தேவை.

ஆல்புமின் கசிவது தெரிந்தால் எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையை மருத்துவர் தரக்கூடும். அது பொட்டாசியத்தை உயர்த்தும். இந்நோயில் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதிலும் சற்று மந்தம். எனவே பொட்டாசியம் நிறைந்த பொள்ளாச்சி இளநீர் எவ்வளவு நல்லதானாலும், மாத்திரை தொடங்கிய பின் தினமும் குடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டு குடிக்கட்டும். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கர்ப்பத்தில் அந்த மாத்திரை ஆகாது. ஹைட்ராக்ஸியூரியாவைப் பற்றியும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். அழுத்தத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரையை யாரேனும் எழுதினால், அரிவாள் அணு நோய் இருப்பதை நினைவூட்டுங்கள். உடல் வறண்டால் வலி வரும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தாமாகவே டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால், அதையும் இன்றோடு விட்டுவிடட்டும். சிறுநீரகத்தை அது நேரடியாகவே வாட்டும்.

கேள்வி: எனக்கு அரிவாள் அணுக் கூறு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த மரபணு) மட்டும் இருப்பதாக முகாமில் சொன்னார்கள். எனக்கும் இந்தத் தொல்லைகள் வருமா?
— வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: உங்கள் பக்கத்து மலைக்கு இது புதிதன்று. இந்தியாவில் அரிவாள் அணுக் கூறு முதன்முதலில் பதிவானதே 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். கூறு மட்டும் உள்ளவர்கள் நோயாளிகள் அல்லர். ஆயினும் சிறுநீரக நோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்பதால், ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். திருமணம் ஆகவில்லையென்றால், பெண் வீட்டாரிடம் சொல்லி அந்தப் பெண்ணுக்கும் சோதனை செய்துவிடுங்கள். இருவருக்கும் கூறு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.