படத்தில் ஒன்று, ஸ்பெக்கில் இன்னொன்று: திருகோணமலைக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன். மூதூர்ப் படகு டிக்கெட்டுக்கு ஒரு புரொஜெக்ட். மென்பொருளை வரைந்து காட்டும் யூஎம்எல் படமும், அதன் விதிகளைக் கணித மொழியில் எழுதும் ஈவென்ட்-பி ஸ்பெக்கும் இருக்கின்றன. ஒன்றைத் திருத்தினால் மற்றது பழசாகவே கிடக்கிறது. இரண்டையும் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பதில்: பார்த்தேன் தங்கச்சி. உங்கள் நிலைப் படத்தில் 'புறப்பட்டது' என்பதிலிருந்து 'ரத்து'க்கு ஓர் அம்பு போகிறது. ஸ்பெக்கிலோ 'பதிவானது' நிலையில் மட்டும்தான் ரத்து நடக்கும். படத்தின்படி கொட்டியாரக்குடா நடுவில் நின்றுகொண்டும் காசைத் திருப்பிக் கேட்கலாம்; ஸ்பெக்கின்படி முடியாது. கோட் எழுதுகிற தம்பி படத்தைத்தான் பார்ப்பார், அதுதானே லேசு.

முதலில் எது தாய், எது பிள்ளை என்று முடிவு செய்யுங்கள். படம் தாய் என்றால், ஈவென்ட்-பி எழுதும் டூலான ரொடினில் யூஎம்எல்-பி என்ற இணைப்பைப் போட்டு வரையுங்கள், ஈவென்ட்-பி தானாக வரும். கையால்தான் எழுதுவோம் என்றால் ஒவ்வோர் அம்புக்கும் அதே பெயரில் ஸ்பெக்கில் ஒரு ஈவென்ட் வேண்டும். அம்பு கிளம்பும் நிலை அதன் கார்டில் (எப்போது நடக்கலாம் என்ற நிபந்தனையில்) இருக்க வேண்டும், போய்ச் சேரும் நிலை அதன் ஆக்ஷனில் (நடந்தால் மாறுவதில்). இதைச் சரிபார்க்கச் சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

படகு–டிக்கெட் கோட்டில் 0..* (எத்தனை டிக்கெட்டும் இருக்கலாம்) என்று போட்டிருக்கிறீர்கள், ஸ்பெக்கில் இருக்கை எண்ணிக்கையைத் தாண்டக்கூடாது என்கிறீர்கள். அது முரண் இல்லை, ஸ்பெக் இறுக்கமாக இருக்கலாம். படம் தடுப்பதை ஸ்பெக் விட்டுவிட்டால்தான் வம்பு.

அப்புறம், படத்தைப் பிஎன்ஜியாக, வெறும் படக் கோப்பாக, வைக்காதீர்கள். ஸ்பெக்கோடு ஒரே கமிட்டில் (மாற்றங்களைச் சேர்த்துச் சேமிக்கும் பதிவில்) போகட்டும்.

கேள்வி: எந்த டூல் நல்லது?

பதில்: ஸ்பெக்குக்கு ரொடின், எழுத்திலிருந்து படம் வரையப் பிளான்ட்யூஎம்எல். இரண்டும் இலவசம்.

கேள்வி: நான் வரைந்து, பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுவேன். போதாதா?

பதில்: போதாது ஐயா. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகும் 'பாதை' (ஆட்களையும் வண்டிகளையும் கடத்தும் மிதவை) ஓடுவதாகக் காட்டும் வரைபடம் ஒரு தேத்தண்ணிக் கடையில் வெகுகாலம் தொங்கியது.

கேள்வி: தங்கச்சி, ஃபோர்மல் ஸ்பெக் எல்லாம் பரீட்சைக்குத்தான். கஸ்டமர் பார்ப்பது படத்தை.

பதில்: பாதி சரி அண்ணா. ஆனால் 1998இல் திறந்த பாரிஸ் மெட்ரோ 14ஆம் தடத்தில் ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகின்றன. அதன் பாதுகாப்பு மென்பொருளை, ஈவென்ட்-பிக்கு முன்னோடியான பி முறையில்தான் எழுதி நிரூபித்தார்கள்.

கேள்வி: நாங்கள் மெட்ரோவா விடுகிறோம்?

பதில்: இல்லைதான். அதனால் காசும் இருக்கையும் தொடும் இடத்துக்கு மட்டும் ஸ்பெக் எழுதுங்கள் என்கிறேன். உள்நுழைவுப் பக்கத்துக்கு ஈவென்ட்-பி எழுதச் சொன்னால் நானே ஓடிவிடுவேன்.

கேள்வி: அதற்குப் படத்திலேயே ஓசிஎல் (யூஎம்எல் படத்துக்கு விதி எழுதும் மொழி) எழுதலாமே?

பதில்: எழுதலாம், நல்லதும்கூட. ஆனால் அதை ஒரு டூல் சரிபார்க்க வேண்டும். வெறும் குறிப்புப் பெட்டியில் கிடந்தால் அது பிஎன்ஜிக்குத் தம்பி.

கேள்வி: எந்த லேப்டாப் வாங்கலாம்?

பதில்: கடையில் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, எந்த டூல்...

பதில்: மேலே. மேலே. மேலே.

கேள்வி: அக்கா, நான்தான், படகு புரொஜெக்ட். அந்த அம்பை அழித்துவிட்டோம், இப்போது இரண்டும் பொருந்துகின்றன.

பதில்: அழிக்கும் முன் படகுக்காரரைக் கேட்டீர்களா? எஞ்சின் நின்று படகு திரும்பி வந்தால் காசைக் கொடுப்பாரோ, என்னவோ.