கல்யாணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம்: குடும்பநல வழக்கறிஞரின் பதில்கள்

கோவை வாசகி: மேடம், எனக்கும் கட்டிக்கப்போறவருக்கும் தனித்தனியா வீடு இருக்கு. இப்பவே ஒப்பந்தம் போட்டா கோர்ட்ல செல்லுமா?

பதில்: முழுதாகச் செல்லும் என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் இப்படி ஒரு ஒப்பந்தத்துக்கு இடமே ஒதுக்கவில்லை. மணமுறிவை முன்கூட்டியே பேரம் பேசும் வரிகளை, பொதுநலனுக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்னும் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். ஆனால், எது யாருடையது என்று பதிந்த பகுதி நல்ல சாட்சியம். அதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன்.

தாலி கட்டியதும் உங்கள் வீட்டில் பாதி அவருக்குப் போய்விடாது. சிக்கல் பிறகு வரும்: உங்கள் பெயரிலுள்ள வீட்டுக்கு அவர் தவணை கட்டுவார், மாடி எடுக்கப் பணம் போடுவார். அது கடனா, அன்பளிப்பா என்றுதான் வழக்கு நடக்கும். எனவே கிரயப் பத்திர எண், சர்வே எண், கல்யாணத் தேதியில் நிற்கும் கடன் பாக்கி, இனித் தவணை எந்தக் கணக்கிலிருந்து போகும், மற்றவர் கட்டினால் அதை எப்படிக் கணக்கில் கொள்வது, இத்தனையையும் எழுதுங்கள்.

சேலம் வாசகர்: பிரிஞ்சா ஜீவனாம்சம் கேக்க மாட்டேன்னு எழுதி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவுக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144-வது பிரிவும் தரும் உரிமையை முன்கூட்டி எழுதிக் கொடுத்து இழக்க முடியாது. தவிர, அந்த ஒரு வரியைக் காட்டியே, மொத்தப் பத்திரமும் மிரட்டி வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும். குழந்தை யாரிடம் வளரும் என்பதையும் எழுதாதீர்கள். நீதிமன்றம் குழந்தையின் நலனைத்தான் பார்க்கும்.

மதுரை வாசகி: அப்பா போடுற 60 பவுனை எப்படிக் காட்டுறது?

பதில்: ‘60 பவுன் நகை’ என்ற ஒற்றை வரிதான் பின்னாளில் காலை வாரும். கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985 விதிகளே சொல்கின்றன: பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை, கீழே மணமக்கள் இருவரின் கையெழுத்து. நகைக்கு ஒவ்வொன்றாக எடையும் ரசீது எண்ணும் சேருங்கள். ஆரம், நெக்லஸ், வளையல் தனித்தனி வரியாக இருக்கட்டும். உங்கள் பட்டியல் உங்களிடமே இருக்க வேண்டும், மாமியார் வீட்டு பீரோவில் அல்ல.

முக்கியம்: ‘பெண் வீட்டார் இவ்வளவு போடச் சம்மதிக்கிறார்கள்’ என்று ஒப்பந்தத்தில் எழுதவே எழுதாதீர்கள். அது வரதட்சணைக்கான ஒப்பந்தம். 1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி செல்லாது என்பதோடு, கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்.

நெல்லை வாசகர்: ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதுமா? எப்ப எழுதணும்?

பதில்: போதாது. ஆளுக்கொரு வழக்கறிஞர், இருவரும் தத்தம் கட்சிக்காரருக்கு விளக்கிச் சொன்னதாகப் பத்திரத்திலேயே கையெழுத்திட வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். அழைப்பிதழ் கொடுத்து மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியபின் நீட்டும் காகிதம் நெருக்கடியில் வாங்கியதாகவே தெரியும். முதல் சந்திப்புக்கு வில்லங்கச் சான்று, வங்கிக் கடன் அறிக்கை, மூன்று ஆண்டு வருமானவரிக் கணக்கு கொண்டுபோங்கள். கடனை மறைத்தால் பத்திரம் அங்கேயே பலவீனமாகிவிடும். மொத்தக் கட்டணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்துவார் என்பதை முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்.

ஈரோடு வாசகி: நோட்டரி போட்டா போதுமா?

பதில்: கையெழுத்து உங்களுடையது என்பதற்கு மட்டும்தான் அது உதவும். வீடு, நிலம் எதையாவது மற்றவர் பெயருக்கு மாற்றுவதாக இருந்தால் தனிப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

சென்னை வாசகி: மாப்பிள்ளை கோவாக்காரர்.

பதில்: அங்கே நிலைமையே வேறு. 1867 போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் வழிவந்த முறைப்படி, ஒன்றும் எழுதாவிட்டால் சொத்து இருவருக்கும் பொது. தனித்தனியாக வைக்க விரும்பினால் கல்யாணத்துக்கு முன்பே முறைப்படி பத்திரம் பதிய வேண்டும். பிறகு மாற்ற முடியாது. கோவா வழக்கறிஞரையே பாருங்கள்.

லண்டன் வாசகர்: கல்யாணம் சென்னையில, குடித்தனம் இங்க.

பதில்: அப்படியானால் இங்கிலாந்து சொலிசிட்டர் (அங்குள்ள வழக்கறிஞர்)தான் எழுத வேண்டும். பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 2010 ராட்மாக்கர் தீர்ப்புக்குப் பிறகு, விவரம் புரிந்து விரும்பிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு, அநியாயமாக இல்லாதவரை, அங்கே நீதிமன்றம் மதிப்புத் தருகிறது. கல்யாணத்துக்கு 28 நாள் முன்பே கையெழுத்தை முடித்துவிடுவது நல்லது.

திருச்சி வாசகர்: கையெழுத்தெல்லாம் ஆச்சு. வேற ஏதாவது?

பதில்: பிஎஃப் நாமினேஷன். கல்யாணத்துக்கு முன் போட்டது, கல்யாணம் ஆனதுமே செல்லாமல் போகும், புதிதாகப் போடுங்கள். உயில் எழுதியிருந்தால், இந்துக்களுக்குக் கல்யாணத்தால் அது ரத்தாகாது. கிறிஸ்தவர்களுக்கு ரத்தாகிவிடும், திரும்ப எழுத வேண்டும்.