மான் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கேள்வி: டெக்சஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். நவம்பரில் லைசென்ஸ் எடுத்து, ஹில் கன்ட்ரியில் முதல்முறையாக ஒரு வெள்ளைவால் மானைச் சுட்டேன். எட்டு முனைக் கொம்பு. வலக்கொம்பில் ஒரு முனை மட்டும் உடைந்திருக்கிறது. தோள்வரை பாடம் செய்து ஹாலில் மாட்ட ஆசை. கணப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நான்கடிச் சுவர் இருக்கிறது, கூரை ஒன்பதடி. அந்தச் சுவரைப் பார்த்து நின்றால் வாசற்கதவு எனக்கு இடப்பக்கம், ஜன்னல் வலப்பக்கம். ஆர்டர் படிவத்தில் ஸ்னீக், செமி ஸ்னீக், செமி அப்ரைட், லெஃப்ட், ரைட் என்று என்னென்னவோ கேட்கிறார்கள். மான் வாசலைப் பார்க்கட்டும் என்று ‘லெஃப்ட்’ எழுதி வைத்திருக்கிறேன். சரியா? தலை இப்போது பண்ணைக்காரரின் ஃப்ரீசரில் இருக்கிறது. அவரே ஆள் வைத்துச் செய்து தருவதாகச் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த ‘லெஃப்ட்’டை அடித்துவிடுங்கள். இந்தத் தொழிலில் இடம், வலம் எல்லாம் மானுடைய இடம், வலம். நீங்கள் மானாக மாறிச் சுவருக்கு முதுகு காட்டி நில்லுங்கள். வாசல் இப்போது எந்தக் கைப்பக்கம்? வலக்கைப் பக்கம். ஆக உங்களுக்கு வேண்டியது ‘ரைட் டர்ன்’. எழுதியதை அப்படியே கொடுத்திருந்தால், வருகிறவர்களுக்குப் பிடரியைக் காட்டிக்கொண்டு ஆயுசுக்கும் ஜன்னலை வேடிக்கை பார்த்திருக்கும். உள்ளே இருக்கும் ஃபோம் உருவம் அந்தத் திருப்பத்தோடுதான் வார்த்து வருகிறது. தோலை ஒட்டியபின் கழுத்தைத் திருப்ப முடியாது.

பலரும் முதலில் கம்பீரமான நிலை எது என்று பார்த்து முடிவு செய்துவிட்டு, அப்புறம் சுவரைத் தேடுவார்கள். நீங்கள் சுவரைச் சொல்லிக் கேட்டது நல்லது. ஸ்னீக் என்றால் கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, பெண்மானை மோப்பம் பிடித்துப் போகும் நிலை. நவம்பரில் இணைசேரும் பருவம், கழுத்தும் தடித்திருக்கும், அதனால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூக்கு அறைக்குள் நன்றாக நீண்டு வரும். ஆள் நடமாடும் இடத்தில் யாராவது இடித்துக்கொள்வார்கள். அப்ரைட் அதற்கு நேரெதிர்: தலையை முழுக்கத் தூக்கி நிற்கும், கொம்பு கூரையை நெருங்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் செமி வகைகள். ஒன்பதடிக் கூரைக்குச் செமி அப்ரைட் போதும். காதில் ஒன்று முன்னால், ஒன்று சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். சத்தம் கேட்டு நிற்கிற மாதிரி இருக்கும். இரண்டு காதையும் பின்னால் மடக்கினால் சண்டைக்கு நிற்கும் மான். ஹாலில் அது வேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் வீட்டில் கிடக்கும் அமேசான் அட்டைப்பெட்டியை வெட்டி, கொம்பின் அகலத்துக்கும் மூக்கு நீட்டத்துக்கும் ஒரு பொம்மைத் தலை செய்து இரண்டு நாள் சுவரில் ஒட்டி வையுங்கள். நீட்டத்துக்கு இரண்டடி வைத்துக்கொள்ளலாம். காபி டம்ளரோடு நடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சுவரை வைத்துத்தான் திருப்பம் என்றேன். அதற்கு ஒரே ஒரு விலக்கு, கொம்பில் சேதம் இருந்தால். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மான் தன் வலப்பக்கம் திரும்பினால், எதிரே சோபாவில் இருப்பவருக்கு அதன் இடக்கன்னம் தெரியும். இடக்கொம்பு முன்னால் வரும், வலக்கொம்பு அப்பால் போகும். உங்கள் மானில் உடைந்திருப்பது வலக்கொம்பு. அதனால் சுவரும் கொம்பும் ஒரே விடையைத் தருகின்றன, அதிர்ஷ்டம். இடக்கொம்பு உடைந்திருந்தால்? அப்போது சுவரை விட்டுக்கொடுத்து வேறு சுவர் தேடச் சொல்லியிருப்பேன். வேறு சுவர் இல்லாவிட்டால் எபாக்சி வைத்து முனையை வளர்த்து, சாயம் தீட்டித் தருவார்கள். தொட்டுப் பார்த்தால்கூடத் தெரியாது. ஆனால் எனக்கு அதில் மனம் ஒப்பாது. மற்ற ஆண்மான்களோடு முட்டி மோதும் மாதத்தில் உடைந்த முனை அது. அது பாட்டுக்கு இருக்கட்டும், அப்பால் பக்கமாக.

இனி பண்ணைக்காரர் விஷயம். இன்றைக்கே போய்த் தலையை வாங்கி வந்துவிடுங்கள். இறைச்சி வெட்டுகிற இடம், பண்ணை, வழிகாட்டி என்று வழியில் நிற்கும் பலர் சீசன் முழுக்கத் தலைகளைச் சேர்த்து, யார் குறைந்த கூலி கேட்கிறாரோ அவரிடம் மொத்தமாகத் தள்ளுகிறார்கள். நடுவில் கமிஷன். பாடம் செய்பவர் முகத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். லெஃப்டா ரைட்டா என்று அவர் யாரிடம் கேட்பார்? என் முதல் மானை இப்படித்தான் ஒருவரிடம் கொடுத்தேன். பதினான்கு மாதம் கழித்து வந்தது. கொம்பு என்னுடையதுதான். ஆனால் என் மானுக்கு இடக்காது நுனியில் முள்கம்பி கிழித்த மாதிரி ஒரு வெட்டு இருந்தது. வந்த தலையில் இரண்டு காதும் மழமழவென்று இருந்தன. யாருடைய தோலோ! கேட்டதற்கு, “தோல் கெட்டுப்போச்சு, மாத்திட்டோம்” என்றார், ஏதோ டயர் மாற்றியதுபோல. ஆகவே கொடுக்கும் முன் கொம்பு, காது, தொண்டையின் வெள்ளை எல்லாவற்றையும் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தோளுக்குப் பின்னால் தாராளமாகத் தோலை விட்டு வெட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். தோள் மடிப்பிலேயே வெட்டியிருந்தால் செமி அப்ரைட் என்ன, எதற்குமே தோல் பற்றாது. காற்றுப் புகாமல் சுற்றாமல் ஃப்ரீசரில் வைத்திருந்தால் காது, உதடு, மூக்கு எல்லாம் முதலில் காய்ந்துவிடும்.

பக்கத்து மாநிலமான ஒக்லஹோமாவில் மலிவு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். மூளை, தண்டுவடத்தில் தங்கும் சி.டபிள்யூ.டி. என்ற நோய் 1967இல் கொலராடோ மான்களில் முதலில் தெரியவந்தது. இப்போது பல மாநிலங்கள் வெளியிலிருந்து முழுத்தலையை உள்ளே விடுவதில்லை. சுத்தம் செய்த மண்டையோட்டுத் துண்டோடு கொம்பு, தலை நீக்கிய தோல், முடித்த பாடத்தலை இவற்றுக்குப் பொதுவாகத் தடையில்லை. விதி நியாயமானதுதான். ஆனால் மாநிலத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரைபடம், அதுவும் அடிக்கடி மாறும். ஒருமுறை ஒரு அலுவலகத்துக்கு மூன்று தடவை போன் போட்டேன், மூன்று பதில் வந்தது. மானுக்கு மாநில எல்லை தெரியுமா என்ன! பேசாமல் டெக்சஸுக்குள்ளேயே கொடுங்கள்.

மாட்டும்போது ஜிப்சம் பலகையை நம்பாதீர்கள். தலை ஏழெட்டுக் கிலோ இருக்கும். பொதுவாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக உள்ளே மரச்சட்டம் போகும். தட்டிப் பார்த்து அதில் திருகாணி போடுங்கள். கணப்புக்கு நேர்மேலே மாட்டவே கூடாது, சூட்டில் தோல் வெடிக்கும். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் திரை வேண்டும், இல்லையேல் மயிர் வெளுத்துப்போகும். நம் வீடுகளில் இன்னொன்று, தாளிப்புப் புகை. எண்ணெய்ப் பிசுக்கு மயிரில் படிந்தால் அதன்மேல் தூசி அப்பிக்கொள்ளும். மாதம் ஒருமுறை மயிர் படுத்திருக்கும் திசையிலேயே துணியால் துடையுங்கள். கீழே தரையில் மாவுபோல உதிர்ந்திருந்தால் பூச்சி விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

படிவத்தில் இப்படி எழுதுங்கள்: செமி அப்ரைட், ரைட் டர்ன், ஒரு காது முன்னால், வலக்கொம்பு முனையைச் சரிசெய்ய வேண்டாம், என் தோலையே போட வேண்டும். கூடவே அட்டைத் தலை ஒட்டிய சுவரின் படத்தையும் இணையுங்கள். முன்பணம் கொடுக்கும்போதே, பசை காய்வதற்குமுன் ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காதையும் இமையையும் அந்த நேரத்தில்தான் நகர்த்த முடியும்.