"இன்னைக்கு இவ்ளோ போதும்டா": வேலை இடத்து கேள்வி பதில்

கேள்வி: சார், ஓசூர்ல ஒரு மெஷின் ஷாப்ல சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின்) ஆபரேட்டரா சேர்ந்திருக்கேன், கான்ட்ராக்ட் தான். ஷிப்ட்டுக்கு இத்தனை பீஸ்னு ஆபீஸ் ஒரு நம்பர் வச்சிருக்கு, சீனியர்ங்க அதுக்கும் கீழ அவங்களா ஒரு நம்பர் வச்சிருக்காங்க. அது வந்ததும் "போதும்டா, மெதுவா ஓட்டு"ன்றாங்க. நான் கேக்காம ஓட்டிட்டே இருந்தேன். இப்ப டீக்கு யாரும் கூப்பிடறதில்ல, பீஸோட அளவு பாக்கற என் கேஜை எடுத்து ஒளிச்சு வக்கிறாங்க. சூப்பர்வைசர்கிட்ட போய் சொல்லிடவா?
(பெயர் வேண்டாம், ஓசூர்)

பதில்: இப்போதைக்கு சொல்லாதீங்க தம்பி. உங்க சீனியர்ங்க சோம்பேறிங்கன்னு நீங்க நெனைக்கிறது லெட்டர்லயே தெரியுது, ஆனா இந்த கதை ரொம்ப பழசு. அமெரிக்காவுல சிகாகோ பக்கத்துல ஹாதோர்ன்னு ஒரு பெரிய டெலிபோன் சாமான் ஃபேக்டரி, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியோடது. அங்க 1931-32ல 14 பேரை ஒரு தனி ரூம்ல உக்கார வச்சு, எக்ஸ்சேஞ்சுக்கான ஸ்விட்சுக்கு வயர் கட்டுற வேலையை குடுத்துட்டு, ஓரமா ஒரு ஆளை நோட்டும் கையுமா உக்கார வச்சு மாசக்கணக்கா கவனிச்சாங்க. சம்பளம் எப்படின்னா, மொத்தமா எவ்ளோ ஜாஸ்தி செய்றாங்களோ அவ்ளோ எல்லாருக்கும் ஜாஸ்தி. அப்போ ஆளாளுக்கு போட்டி போட்டு செஞ்சிருக்கணும் இல்ல? செய்யல. ஒரு நாளைக்கு ரெண்டு செட்டு, அதுதான் நியாயமான வேலைன்னு அவங்களுக்குள்ள ஒரு கணக்கு. அதுக்கு மேல ஓட்டுறவனுக்கு பட்டப்பேரு வப்பாங்க, அப்பவும் அடங்கலைன்னா பக்கத்துல இருக்கறவன் தோள்பட்டைக்கு கீழ நச்சுன்னு ஒரு குத்து விடுவான். ரொம்ப கம்மியா செய்றவனுக்கும் பட்டப்பேரு உண்டு, மேல போய் போட்டுக் குடுக்கறவனுக்கோ மரியாதையே கிடையாது. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், சில பேரு ஒரு நாள் அதிகமா செஞ்சதை கணக்குல காட்டாம வச்சிருந்து, கை ஓடாத நாள்ல சேத்துக் காட்டுவாங்க.

ஏன் இப்படின்னா, இன்னைக்கு மூணு செஞ்சு காட்டினா நாளைக்கு மூணுதான் கணக்குன்னு ஆயிடும், இல்லன்னா ரேட்டை கொறைப்பாங்க, இல்லன்னா நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். உலகம் பூரா வேலை போயிட்டிருந்த காலம் அது, அந்த பயத்தை யாரு குத்தம் சொல்றது. அதனால டீ டைம்ல அந்த கூட்டத்துலயே கொஞ்சம் நிதானமான ஆளா பார்த்து "அண்ணே, கடைசியா டார்கெட் ஏத்துனப்ப என்ன ஆச்சு?"ன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. அனேகமா ஒரு கதை வரும், யாரோ ஒரு நாள் வேகமா ஓட்டி, அதை யாரோ ஸ்டாப்வாட்ச் வச்சு எழுதிட்டுப் போயி, அப்புறம் அந்த நம்பர் இறங்கவே இல்லன்னு. கான்ட்ராக்ட்லருந்து கன்ஃபர்ம் ஆகணும்ங்கற ஆசை உங்களுக்கு இருக்கும், அதுவும் புரியுது, அதுக்கு நம்பர் ஒண்ணுதான் வழின்னு இல்ல. ரிஜெக்‌ஷன் கம்மியா குடுங்க, செட்டிங் கத்துக்கங்க, இன்சர்ட் (வெட்டுற முனை) மாத்தறதுல பக்கத்து மெஷினுக்கு ஒரு கை குடுங்க, அதையெல்லாம் யாரும் தடுக்க மாட்டாங்க. கேஜ் விஷயம் மட்டும் வேற, அளவு பாக்காம பீஸ் போனா பழி உங்க தலையில, அதனால ஒளிச்சு வக்கிறது யாருன்னு தெரிஞ்சா அந்த ஒருத்தர்கிட்ட தனியா நேரா சொல்லிடுங்க, கூட்டத்துல வச்சு கேக்காதீங்க. அதுக்கும் மசியலைன்னா அப்ப சூப்பர்வைசர்கிட்ட போங்க, அதுவும் கேஜ் காணோம்னு மட்டும், நம்பர் கதையெல்லாம் வேண்டாம்.

கேள்வி: ராத்திரி 11 மணிக்கு "நாளைக்கு உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்"னு மேனேஜர் வாட்ஸ்அப் போடறார். தூக்கமே வரல. காலைல போனா லீவு லிஸ்ட் பத்தி கேக்கறார்!
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: "எதைப் பத்தி சார், ரெடியா வர்றேன்"னு உடனே ஒரு ரிப்ளை போட்டுட்டு படுங்க. மேனேஜர்ங்க யாராச்சும் இதைப் படிச்சா, பேசணும்னு போடற அதே மெசேஜ்ல எதுக்குன்னும் சேத்துப் போடுங்கய்யா, புண்ணியமா போகும்.

கேள்வி: நான் ஐடி கம்பெனில டீம் லீட். மீட்டிங்ல "இந்த தேதிக்குள்ள முடியுமா, யாருக்காவது டவுட் இருக்கா"ன்னு கேட்டா எல்லாரும் அமைதி. வெளிய போனதும் நான் இல்லாத குரூப்ல "இதெல்லாம் நடக்கற காரியமா"ன்னு திட்டிக்கறாங்கன்னு ஒருத்தர் மூலமா தெரிஞ்சுது. என்ன டீம் சார் இது?
(ஓஎம்ஆர், சென்னை)

பதில்: டீமை அப்புறம் பாக்கலாம், மொதல்ல தேதியை யாரு சொன்னதுன்னு சொல்லுங்க. நீங்கதானே? லீட் வாயிலருந்து தேதி வந்துட்டா அப்புறம் "டவுட் இருக்கா"ன்னு கேக்கறது சடங்குக்குத்தான், அது எல்லாருக்கும் தெரியும்.

1977 மார்ச் 27, ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃப் தீவுல ஒரு சின்ன ஏர்போர்ட், மூடுபனி, ஓடுபாதைல ரெண்டு ஜம்போ விமானம். அதுல டச்சு விமானத்தோட கேப்டன் சாதாரண ஆள் இல்ல, மத்த பைலட்டுகளுக்கே டிரெய்னிங் குடுக்கறவர், கம்பெனி விளம்பரத்துல போட்டோ வந்த ஆளு. கிளம்ப அனுமதி வராமலே கிளம்பிட்டார். எதிர்ல அமெரிக்க விமானம் இன்னும் பாதையை விட்டு விலகலையோன்னு பின்னாடி உக்காந்திருந்த இன்ஜினியருக்கு சந்தேகம், அவர் கேக்கவும் கேட்டார், "அது இன்னும் விலகலையா?"ன்ற மாதிரி ஒரு கேள்வி. கேப்டன் அழுத்தமா "விலகியாச்சு"ன்னார். அதுக்கு மேல இன்ஜினியர் ஒண்ணும் பேசல. 583 பேர் செத்தாங்க. வேற காரணங்களும் இருந்துச்சு, ரேடியோல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசி செய்தி சரியா கேக்காம போனது உட்பட. ஆனா சந்தேகம் வந்த ஆளு அதை ரெண்டாவது தடவை சொல்ல முடியாமப் போன அந்த சில செகண்டைத்தான் இந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம் விமானத் துறை பிடிச்சுக்கிச்சு. 1979ல நாசா கூட்டிய ஒரு கூட்டத்துலருந்து ஆரம்பிச்சு, கேப்டன்கிட்ட ஜூனியர் எப்படி மறுத்துப் பேசறது, கேப்டன் அதை எப்படி காது குடுத்துக் கேக்கறதுன்னு பாடமாவே வச்சுட்டாங்க.

உங்க மீட்டிங்ல உயிர் போகாது, வார லீவுதான் போகும். இருந்தாலும் வழி ஒண்ணுதான், நீங்க கடைசியா பேசுங்க. எஸ்டிமேட்டை, அதாவது வேலை எவ்ளோ பெருசுன்ற நம்பரை, ஆளாளுக்கு கார்டுல எழுதி ஒரே நேரத்துல திருப்பிக் காட்டுற பழக்கம் உங்க ஐடிலயே இருக்கே, அதை ஒழுங்கா செய்யுங்க, சேர்ந்து ஆறு மாசம் ஆன பையன் 13ன்னு காட்டி நீங்க 3ன்னு காட்டினா மொதல்ல அவனைப் பேச விடுங்க, குறுக்க போகாதீங்க. முதல்ல மறுத்துப் பேசுனவனுக்கு நீங்க என்ன மூஞ்சி காட்டுறீங்கன்னு பாத்துட்டுதான் மத்தவங்க வாயைத் திறப்பாங்க. அந்த வாட்ஸ்அப் குரூப் சமாச்சாரத்தை உங்ககிட்ட வந்து சொல்றாரே ஒருத்தர், அவர்கிட்ட கேக்கறதையும் நிறுத்திடுங்க.

கேள்வி: கத்தாம வேலை நடக்குமா? என் ஹோட்டல்ல நான் கத்துனாதான் டேபிள் கிளீன் ஆகுது.
(திருச்சி)

பதில்: நீங்க கல்லாவுல இல்லாத நேரத்துல ஆகுதா? 1930கள் கடைசில அமெரிக்காவுல கர்ட் லெவின்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட ரெண்டு பேரும் 10 வயசு பசங்களை குழு குழுவா பிரிச்சு முகமூடி செய்யற மாதிரி வேலையெல்லாம் குடுத்துப் பாத்தாங்க. அதட்டி வேலை வாங்குற ஆளு ரூம்ல இருக்கற வரைக்கும் வேலை நல்லா ஓடுச்சு, அவர் வெளிய போனதும் கொட்டம். கலந்து பேசி முடிவெடுத்த குழுல ஆளு இருந்தாலும் இல்லாட்டியும் பெரிய வித்தியாசம் இல்ல. பசங்க வேற, சப்ளையர் வேறன்னு சொல்வீங்க, சரிதான். ஆனா ஒரு மத்தியானம் வெளிய போயிட்டு சொல்லாம திரும்பி வந்து பாருங்க.

கேள்வி: வணக்கமுங்க சார். திருப்பூர்ல தைச்ச துணியை சரிபாக்கற செக்கிங்ல இருக்கறேன். டைலருங்க எங்களைக் கண்டாலே ஆகறதில்லீங்க, தையல் சரியில்லாத ஆல்டர் பீஸை திருப்பிக் குடுத்தா மூஞ்சில எறியாத குறை. எம்டி எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்னு பிரியாணி போட்டாருங்க, அங்கயும் அவங்க ஒரு பக்கம் நாங்க ஒரு பக்கந்தான்.
(ஒரு சகோதரி)

பதில்: பிரியாணி என்ன பண்ணும் பாவம். ஓவர்லாக் போடற டைலருங்க பீஸ் ரேட்டா இருந்து, நீங்க ஷிப்ட் சம்பளமா இருந்தீங்கன்னா, நீங்க திருப்பிக் குடுக்கற ஒவ்வொரு ஆல்டரும் அவங்களுக்கு காசில்லாத வேலை. விட்டுட்டீங்கன்னா பையர் ஆளு கையில மாட்டி திட்டு வாங்கறது நீங்க. சண்டையை சம்பளக் கணக்குலயே வச்சிட்டாங்க, இதுல யார் குணத்தை குறை சொல்ல?

1954ல அமெரிக்காவுல ஒக்லஹோமாவுல முசாஃபர் ஷெரீஃப்னு ஒருத்தர் 22 பசங்களை கேம்ப் கூட்டிட்டுப் போய் ரெண்டு கோஷ்டியா பிரிச்சார், போட்டி வச்சதும் அடிதடி வரைக்கும் போச்சு. சேத்து உக்கார வச்சு சாப்பாடு போட்டா சாப்பாட்டைத் தூக்கி எறிஞ்சுக்கிட்டாங்க, உங்க எம்டி பரவால்ல. கேம்ப்புக்கு தண்ணி நின்னு போய் ரெண்டு கோஷ்டியும் சேந்து தேடணும், நின்னு போன லாரியை சேந்து கயிறு கட்டி இழுக்கணும்னு அடுத்தடுத்து வந்தப்பதான் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு.

ஆபீஸ்ல கேக்க முடிஞ்சா, லைன்ல ஆல்டர் கொறைஞ்சா டைலருக்கும் செக்கிங்குக்கும் சேத்தே இன்சென்டிவ் குடுங்கன்னு கேளுங்க. ஒருத்தரா கேக்காதீங்க, ரெண்டு டைலரையும் கூட்டிட்டுப் போங்க. அது வர்ற வரைக்கும், மொத பண்டில் வந்ததுமே லைனுக்கு நடந்து போய் "அக்கா, தோள் ஜாயின்ட்ல தையல் விடுது, ஊசி பாருங்க"ன்னு ரெண்டாவது பண்டில் தைக்கறதுக்குள்ள சொல்லிடுங்க. சாயங்காலம் மொத்தமா நாப்பது பீஸை கொண்டு போய் கொட்டுனா எறியத்தான் செய்வாங்க.