நானே செய்த டிஏசி: ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்கள், எதை நம்புவது?

கேள்வி: டிடிஏ 1541ஏ சிப் உள்ள நான்-ஓவர்சாம்ப்ளிங் டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) கிட் ஒன்றை வாங்கி நானே அசெம்பிள் செய்தேன். லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி வழியாக, பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் கேட்கிறேன். லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக்கைவிடக் குரல் நெருக்கமாக இருக்கிறது என்கிறாள் மனைவி. மைத்துனரோ ஜால்ரா, சலங்கை எல்லாம் மங்கிவிட்டது என்கிறார். நண்பருக்கு வித்தியாசமே தெரியவில்லை. கிட் விற்றவர், 200 மணி நேரம் ஓடினால்தான் சத்தம் திறக்கும், அப்புறம் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சின்ன ஐசி), கெப்பாசிட்டர், கிரீடம் போட்ட ஒரிஜினல் சிப் எல்லாம் 14,000 ரூபாய்க்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். லேப்டாப்புக்குச் சார்ஜர் போட்டால் லேசான ஹம் (உம்மென்ற இரைச்சல்) வேறு. செலவு செய்யலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: செய்யாதீர்கள். ஒரு ரூபாய்கூட, இப்போதைக்கு.

முதலில் உங்கள் மனைவி சொன்னது. இந்த மாதிரி டிஏசி பெரும்பாலும் சிடி பிளேயர் போலச் சுமார் 2 வோல்ட் வெளியே தரும். லேப்டாப் ஜாக்கில் அதில் பாதி வந்தாலே அதிகம். ஆம்ப்பின் வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிக் கேட்டால் டிஏசிதான் சத்தமாக இருக்கும், சத்தமாக இருப்பது காதுக்கு நன்றாக இருப்பதாகவே தோன்றும். அதனால் இரண்டையும் சமப்படுத்துங்கள். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட் பாருங்கள் (சாதா மீட்டர் அதிக அதிர்வெண்ணில் தப்பாகக் காட்டும், 100 போதும்), கூடுதலாக இருப்பதைப் பிளேயரின் வால்யூமில் குறைத்து, இரண்டும் 1 சதவீத வித்தியாசத்துக்குள் வரும்படி வையுங்கள். பிறகு யாராவது உங்களுக்குத் தெரியாமல் மாற்றட்டும், எது ஓடுகிறது என்று நீங்கள் சொல்லுங்கள். 10 முறையில் 9 சரியாக வந்தால் வித்தியாசம் நிஜம். 6, 7 என்றால் காசு சுண்டினாலும் அது வரும்.

மைத்துனர் விஷயம் வேறு, அவரைக் கேலி செய்துவிடாதீர்கள். நான்-ஓவர்சாம்ப்ளிங் என்றால் டிஜிட்டல் ஃபில்டர் இல்லாமல், ஒவ்வொரு சாம்பிளையும் (பாட்டின் அலையைத் துளித்துளியாக அளந்து வைத்த எண்) அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்து வெளியே விடுவது. அப்படிப் பிடித்து வைப்பதாலேயே மேல் அதிர்வெண்கள் தேயும். நொடிக்கு 44,100 சாம்பிள் உள்ள, அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டில் 10 கிலோஹெர்ட்ஸ் அருகே முக்கால் டெசிபல், 20 அருகே 3 டெசிபலுக்குக் கொஞ்சம் மேல். இது கணக்கு, ருசி இல்லை, எந்த விலைக்கு வாங்கிய சிப்பானாலும் இதேதான். ஜால்ராவின் மினுமினுப்பு இருப்பது அந்த மேல்பகுதியில்தான். இள வயதுக் காதுக்கு அது தெரியலாம், வயது ஏற ஏறத் தெரியாது. உங்கள் நண்பருக்கு வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. சந்தேகம் இருந்தால் பிளேயர் மென்பொருளிலேயே 44.1-ஐ 88.2 ஆக அப்சாம்பிள் செய்து, அதாவது சாம்பிள்களை இரட்டிப்பாக்கி அனுப்பிப் பாருங்கள். உங்கள் யுஎஸ்பி போர்டு அதை ஏற்றால், 20 கிலோஹெர்ட்ஸிலும் இழப்பு முக்கால் டெசிபல்தான். மைத்துனர் முகம் மலர்ந்தால் பிரச்சினை தீர்ந்தது, செலவு பூஜ்யம். சில போர்டுகளில் இந்தத் தேய்மானத்தைச் சரிசெய்ய அனலாக் பகுதியிலேயே ஒரு சின்ன ஏற்பாடு இருக்கும், அப்படியிருந்தால் அப்சாம்பிள் செய்தபின் மேல்பகுதி கொஞ்சம் தூக்கலாகவே கேட்கும், பயப்படாதீர்கள்.

இனி அந்த 14,000. டிடிஏ 1541ஏ என்பது பிலிப்ஸின் 16 பிட் சிப், 80-களின் சிடி பிளேயர்களில் இருந்தது, உற்பத்தி நின்று பல வருடம் ஆகிறது. கிரீட முத்திரை போட்டவை அளந்து பொறுக்கியெடுத்த ரகம், அவ்வளவுதான். சாதாரண சிப்பின் முகத்தைச் சுரண்டி மேலே கிரீடத்தை அச்சடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அசல் யார் கையில் இருக்கிறது, அதை ஏன் உங்களுக்கு விற்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆப்-ஆம்ப்பும் இதே கதை, விலை உயர்ந்த எண்ணை மேலே அச்சடித்த மலிவு சரக்கு பையில் போட்டுக் கிடைக்கிறது. ஒருவேளை அசலே கிடைத்தாலும், வேகமான ஆப்-ஆம்ப்பைப் பொருத்தமில்லாத போர்டில் செருகினால் அது ஆசிலேட் ஆகி, அதாவது தானாகவே அதிரத் தொடங்கிச் சூடேறலாம். அதையும் ‘துல்லியம்’ என்று சொல்லி விற்பார்கள். 200 மணி நேரம் என்பது, என்னைக் கேட்டால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை உங்களைச் சும்மா இருக்கவைக்கும் வழி. அதற்குள் பழகுவது உங்கள் காது, சிப் அல்ல. வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னப் போர்டை வரவழைத்தால் கூரியர்காரர் அடையாளச் சான்று நகல் கேட்டு மூன்று மெயில் அனுப்புகிறார், இங்கே போலி சிப்பைக் கிலோ கணக்கில் விற்பவரிடம் யாரும் ஒரு ரசீதுகூடக் கேட்பதில்லை. என்ன செய்ய.

ஹம்முக்கு வருவோம். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் நின்றுவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி அதில் ஓடும் மின்னோட்டம்), டிஏசி மேல் குற்றமில்லை. லேப்டாப், டிஏசி, ஆம்ப் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள், பல வீடுகளில் அதுவே போதும். போதாவிட்டால் லேப்டாப்புக்கும் டிஏசிக்கும் இடையிலான மின் தொடர்பைத் துண்டித்து டேட்டாவை மட்டும் விடும் யுஎஸ்பி ஐசொலேட்டர் வாங்கலாம், மலிவானவை 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும், அதில் 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ்வரை போகும், உங்களுக்கு அது தாராளம். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். எந்தக் கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள், உயிர் போகும்.

பேட்டரியிலும் ஹம் நிற்காவிட்டால் கோளாறு பவர் சப்ளை பக்கம் இருக்கலாம். ரெகுலேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் ஒயர்கள், உங்கள் சால்டரிங் மூன்றும் தெரியும்படி போர்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். சிப்பின் மேல் எழுத்து எனக்கு வேண்டாம்.