வாசகர் கேள்விகள்: எண்ணிக்கையில் குறைந்த காருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: ஐயா, இருபது ஆண்டுகள் தொழில் செய்து சேர்த்த பணத்தில் மனதுக்குப் பிடித்த ஒரு காரை வாங்கிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சில நூறு எண்ணிக்கையில் மட்டுமே தயாராகும் அதிவேகச் சொகுசு கூபே (இரண்டு கதவுக் கார்) ஒன்றுக்கான காத்திருப்போர் பட்டியலில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அதன் விலையில் கால் பங்கு கொடுத்தாலே அதே வேகத்தில் ஓடும் கார் கிடைக்கும் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். அந்தக் காருக்கு அவ்வளவு விலை தகுமா?

பதில்: உங்கள் நண்பர்களின் கணக்கில் பிழையில்லை. ஆனால் வேகத்தை மட்டும் அளப்பதென்றால் இத்தகைய கார்களை எவருமே வாங்க வேண்டியதில்லை. டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்ஸஸ், 2010 டிசம்பரில் தயாரிக்கத் தொடங்கிய எல்.எஃப்.ஏ. காரைப் பாருங்கள். அமெரிக்காவில் அதன் விலை 3,75,000 டாலர். அன்று அங்கே அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் விற்ற நிஸான் ஜி.டி.ஆர்., நின்ற இடத்திலிருந்து சீறிப் புறப்படுவதில் அதை முந்தியது. அப்படியானால் மிச்சப் பணம் எங்கே போயிற்று என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அது போன இடங்களைக் கண்ணால் காணவும் காதால் கேட்கவும் முடியும். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய அந்தக் காருக்கு முதலில் அலுமினிய உடலைத்தான் வடிவமைத்தார்கள். எடை போதிய அளவு குறையவில்லை என்றவுடன் பாதி வழியில் அதைக் கைவிட்டு, எடை குறைந்த, உறுதியான கார்பன் ஃபைபருக்கு (கார்பன் இழைப் பொருள்) மாறினார்கள். தறி செய்யும் தொழிலிலிருந்து பிறந்த டொயோட்டா, கார்பன் இழைகளை வட்டமாகச் சுற்றி நெய்வதற்கென்றே ஒரு தறியை உருவாக்கிக் கூரையைத் தாங்கும் சட்டங்களை நெய்தது என்பது, நெசவை அறிந்த நமக்கு நெருக்கமான செய்தி. 4.8 லிட்டர், பத்து சிலிண்டர் எஞ்சின், ஓய்வுச் சுழற்சியிலிருந்து (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெல்லச் சுழலும் நிலை) நிமிடத்துக்கு 9,000 சுழற்சிகளை 0.6 விநாடியில் எட்டிவிடும். முள் வைத்த மீட்டரால் அந்த வேகத்தைத் தொடர முடியாது என்பதால் மின்திரையில் காட்ட வேண்டியதாயிற்று. அந்த எஞ்சினின் ஒலியைச் செம்மைப்படுத்த, இசைக்கருவிகள் செய்வதில் பெயர் பெற்ற யமஹாவின் வல்லுநர்கள் துணைநின்றார்கள்.

இவ்வளவு செலவையும் 500 கார்கள் மட்டுமே பங்கிட்டுக்கொண்டன. பாகங்களை வார்க்கும் அச்சுகளுக்கும் சோதனை ஓட்டங்களுக்கும் மோதல் சோதனையில் நொறுக்கப்படும் வண்டிகளுக்கும் ஆகும் செலவு, ஐந்து லட்சம் கார்கள் விற்கும் இடத்தில் ஒரு காருக்குச் சொற்பமாகவே விழும். 500 கார்கள் விற்கும் இடத்தில் அதுவே விலையின் பெரும்பகுதியாகிவிடும். ஆகவே விலை உயர்ந்திருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து வாங்குபவரை ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்வதில்லை. வழக்கமான மாடலின் எஞ்சினையும் உடலையும் அப்படியே வைத்துக்கொண்டு, புதிய வண்ணம், தையல் வேலைப்பாடு, வரிசை எண் பொறித்த ஒரு தகடு ஆகியவற்றை மட்டும் சேர்த்து, எண்ணிக்கையைக் குறைத்து, விலையை உயர்த்தும் வழக்கமும் இருக்கிறது. அருமை என்ற நம் சொல்லுக்குச் சிறப்பு என்றும் பொருள், கிடைத்தற்கரிய தன்மை என்றும் பொருள். விற்பவர்கள் இரண்டாவதைக் காட்டி முதலாவதற்கும் சேர்த்துப் பணம் கேட்கிறார்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கும் கார் எந்த வகை என்பதை அறிய, உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இதே காரை இன்னும் ஐயாயிரம் செய்யப்போகிறோம் என்று நாளை நிறுவனம் அறிவித்தால், அப்போதும் இந்த விலைக்கு இதை விரும்புவீர்களா? ஆம் என்று உடனே பதில் வந்தால், நண்பர்களின் கணக்கைப் பொருட்படுத்தாமல் வாங்குங்கள், வாங்கி ஓட்டுங்கள்.

கேள்வி: ஓட்டாமல் பூட்டி வைத்தால் சில ஆண்டுகளில் இரட்டிப்பு விலை கிடைக்கும் என்று விற்பனையாளர் உறுதியளிக்கிறார். முதலீடாகக் கருதலாமா?

பதில்: கருதக்கூடாது. போர்ஷே 2016-இல் 911 ஆர் என்ற மாடலை 991 கார்கள் மட்டுமே செய்தது. 500 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர், பின்பக்கம் பெரிய இறக்கை இல்லாத அடக்கமான தோற்றம் என்று ஆர்வலர்கள் ஏங்கிக்கொண்டிருந்த அனைத்தும் அதில் இருந்தன. மறுவிற்பனையில் அதன் விலை அசல் விலையைப் போலப் பல மடங்கு ஏறியது. மறு ஆண்டே அதே நிறுவனம், அதே திறனும் கையால் மாற்றும் கியரும் கொண்ட ஜி.டி.3 டூரிங் காரை, எண்ணிக்கை வரம்பு எதுவும் வைக்காமல் அறிமுகப்படுத்தியது. 911 ஆரின் மறுவிற்பனை விலை இறங்கிவிட்டது. அந்தக் காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. ஓட்டுவதற்காக வாங்கியவருக்கு அதனால் எந்த இழப்புமில்லை, விற்பதற்காக வாங்கியவருக்குத்தான் இழப்பு.

மேலே சொன்ன லெக்ஸஸுக்கும் காலம் பிடித்தது. 2012-இல் தயாரிப்பு முடிந்த பின்னும் சில கார்கள் பல ஆண்டுகள் அமெரிக்க டீலர்களிடம் விற்காமலே நின்றன. இன்று அதன் மதிப்பு அசல் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எந்தக் கார் ஏறும், எப்போது ஏறும் என்று விற்பனையாளரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேலும், நிற்கும் வண்டி தேயாது என்பது தவறான நம்பிக்கை: டயர் இறுகும், ரப்பர் சீல்கள் உலரும், பெட்ரோல் கெடும், பேட்டரி செத்துவிடும். சில ஆண்டுகளுக்குள் விற்கக்கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2017-இல் ஃபோர்டு நிறுவனம், ஜி.டி. காரை இரண்டு ஆண்டுகளுக்குள் விற்றுவிட்ட ஒருவர் மீது வழக்கே தொடுத்தது.

கேள்வி: வடிவமைப்புப் படங்களை மட்டும் காட்டி முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ஜாகுவார் எக்ஸ்.ஜே.220 மாடலை 1988-இல் காட்சிக்கு வைத்தபோது அதில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் இருந்தன. 1992-இல் கைக்கு வந்த காரில் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினும் பின்சக்கர இயக்கமும்தான் இருந்தன, விலையும் ஏறியிருந்தது. அதற்குள் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, முன்பணம் கட்டியவர்களில் பலர் பின்வாங்கினார்கள், சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். இத்தனைக்கும் அது மோசமான கார் அல்ல, தன் காலத்தின் மிக வேகமான கார்களில் ஒன்று. எனவே எஞ்சின் வகை, கியர், இறுதி விலை, ஒப்படைக்கும் காலம் ஆகிய நான்கும் எழுத்தில் இருந்தால், அவற்றில் ஒன்று மாறினாலும் முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் சொன்னால், கொடுக்கலாம்.

கேள்வி: வாங்கிய பிறகு ஆகும் செலவைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: இன்சூரன்ஸ், டயர், பிரேக் ஆகிய மூன்றையும் முதலில் விசாரியுங்கள். கார்பன் செராமிக் பிரேக் தட்டுகள் நீண்ட நாள் உழைக்கும் என்றாலும், மாற்ற நேர்ந்தால் ஒரு சாதாரணக் காரின் விலையை நெருங்கும் தொகை கேட்கக்கூடும். முன்கண்ணாடி, விளக்கு, பம்பர் போன்ற எளிதில் உடையும் பாகங்கள் அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டவையா, வழக்கமான மாடலுடன் பொதுவானவையா என்றும் கேளுங்கள். அந்த மாடலுக்கே உரியவை என்றால், எத்தனை ஆண்டுகள் அவற்றைத் தயாரித்துத் தருவோம் என்பதை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே மீதிப் பணத்தைச் செலுத்துங்கள்.